நடுத்தாள்

எங்கள் வீட்டுக்கு மூன்று பத்திரிகைகள் வரும். மூன்றுக்கும் சந்தா கட்டியிருப்பவர் என் மாமனார். பணம் கட்டுகிறவர் பெயருக்குத்தானே வரும், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தபால்காரர் கொண்டுவந்து போடும்போது மூன்றும் பத்திரிகைகளாகத்தான் இருக்கும். என் கைக்கு வந்து சேரும்போதுதான் அதில் ஒன்று வெறும் தாள்களாக வரும்.

முதலாவது, மாதம் இருமுறை வரும் உடல்நல இதழ். அது மாமாவுக்கு மட்டும். அதில் எந்த வியாதியைப் பற்றி எழுதுகிறார்களோ அது அவருக்கு வந்துவிடும். கல்லீரல் சிறப்பிதழ் வந்தபோது வலது விலாவைப் பிடித்துக்கொண்டே கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். மூட்டு வலி இதழ் வந்தபோது மாடிப்படி ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தார். மகப்பேறு சிறப்பிதழ் வந்தபோதுதான் மனிதர் அடுத்த இதழ் வரைக்கும் எந்த நோயும் இல்லாமல் சும்மா இருந்தார், பாவம்.

இரண்டாவது, பொது அறிவு மாத இதழ். அது என் கொழுந்தனுக்கு. ஏதேதோ தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். பதில்களை மனப்பாடம் செய்துவிடுவான், கேள்விகளை மறந்துவிடுவான். சாப்பிடும்போது திடீரென்று "துத்தநாகம்!" என்பான். எதற்குப் பதில் என்று கேட்டால் முழிப்பான்.

மூன்றாவதுதான் எங்கள் எல்லோருக்கும் உயிர். புதன்கிழமை வரும் வாரப் பத்திரிகை. ஜோக்கு, குறுக்கெழுத்து, சினிமா, ராசி பலன், தொடர்கதை என்று வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒன்று அதில் இருந்தது. அதனால்தான் சண்டையும் இருந்தது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் புதன்கிழமை என்றாலே வீடு ரணகளமாக இருக்கும். அத்தை ஒளித்து வைப்பார், கொழுந்தன் கண்டுபிடிப்பான், என் வீட்டுக்காரர் குளியலறைக்குக் கொண்டுபோய்விடுவார்.

கீழே கடை, மேலே வீடு. பெயின்ட், பூட்டு, குழாய், ஆணி என்று வீடு கட்டுகிறவனுக்கு வேண்டிய எல்லாம் கடையில் உண்டு. மாமா கல்லாவில், என் வீட்டுக்காரர் பூட்டும் குழாயும், கொழுந்தன் சரக்கு கொண்டுபோய்ச் சேர்ப்பது, நான் பெயின்ட் கலக்குவது. இப்படி வேலையைப் பங்கு போட்டுப் பழகியவர் மாமா. பத்திரிகையையும் அதே மாதிரி பங்கு போட்டார். "இதுல என்ன பெரிய சண்டை? பின்னைக் கழட்டு, தாளைப் பிரி, ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கோ. தீர்ந்தது கதை" என்றார்.

தீர்ந்தது கதை என்று அவர் சொன்னது எனக்குத்தான் பொருந்தியது.

அன்றிலிருந்து புதன்கிழமை காலை கொழுந்தன் ஸ்க்ரூடிரைவர் முனையால் இரண்டு பின்களையும் நெம்பி எடுப்பான். தாள்கள் தனித்தனியாகக் கழன்று விழும். அட்டையும் சினிமாவும் என் வீட்டுக்காரருக்கு. ராசி பலன் மாமாவுக்கு. நட்டநடுவில் இருக்கும் தாளில் ஜோக்குகள், அது அத்தைக்கு. அதற்கு அடுத்த தாளில் குறுக்கெழுத்து, அது கொழுந்தனுக்கு. நான்? யார் படித்து முடித்தாலும் அடுத்தது எனக்கு என்று ஏற்பாடு. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். முடித்தால்தானே!

இதில் இன்னொரு கொடுமை உண்டு. மடித்து நடுவில் பின் அடித்த பத்திரிகையில் ஒரு தாளின் ஒரு பாதி முன்னால் இருந்தால் மறுபாதி பின்னால் எங்கேயோ இருக்கும். தொடர்கதை நாற்பத்தொன்றாம் பக்கத்தில் தொடங்கும். முதல் இரண்டு பக்கம் அத்தையின் ஜோக்குகளோடு நடுத்தாளில். மீதி இரண்டு பக்கம் குறுக்கெழுத்துத் தாளில். அதாவது பாதிக் கதை அத்தையின் தலையணைக்கு அடியில், பாதிக் கதை கொழுந்தனின் சட்டைப் பையில்.

மண்டை காய்ந்துவிடும். நாயகி கிணற்றை எட்டிப் பார்க்கும் இடத்தில் அத்தையின் தாள் முடிந்துவிடும். உள்ளே என்ன பார்த்தாள் என்பது கொழுந்தனின் பையில் மடிந்து, வெயிலில் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். அவனுக்கோ தொடர்கதை வேண்டாம், குறுக்கெழுத்துப் போதும். ஆனால் ஒரு கட்டம் மிச்சமிருந்தாலும் தாளைக் கொடுக்கமாட்டான்.

காத்திருந்து காத்திருந்து நானே கிணற்றுக்குள் ஆளைப் போட ஆரம்பித்தேன். வேறு வழி? பெயின்ட் கலக்கும் வேலையில் கை மட்டும்தான் ஓடும், மண்டை சும்மாதான் இருக்கும். குச்சியைச் சுற்றிக்கொண்டே மீதிக் கதையை நானே முடித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை வாக்கில் தாள் வரும். ஒப்பிட்டுப் பார்ப்பேன். சில வாரம் அச்சில் வந்தது நன்றாக இருக்கும். பல வாரம் என்னுடையதுதான் நன்றாக இருக்கும். பெரிய எழுத்தாளர்தான், ஆனால் அவருக்கு அது தோன்றவில்லை, என்ன செய்ய. சில வாரம் தாள்கள் மாறி வந்து முடிவு முதலில் கிடைக்கும். அப்போது தொடக்கத்தை நான் கட்டுவேன். அது இன்னும் கஷ்டம், இன்னும் ருசி.

ஆனாலும் ஆசை விடவில்லை. ஒரு முழுப் பத்திரிகை, பின் கழற்றாத பத்திரிகை, என் கையில் முதலில் வரவேண்டும். அட்டையிலிருந்து அட்டை வரைக்கும் வரிசையாகப் படிக்கவேண்டும். உலகத்தில் இதைவிடச் சின்ன ஆசை ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். ஒருநாள் வாய்விட்டுக் கேட்டே விட்டேன்.

"என்னங்க, அந்த வாரப் பத்திரிகைக்கு எனக்குன்னு தனியா ஒரு சந்தா கட்டிக்கட்டுமா?"

அவர் ஒரு பூட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒரே வீட்டுக்கு அதே புத்தகம் ரெண்டா? யாராவது கேட்டா சிரிப்பாங்க" என்றார்.

கல்லாவிலிருந்து மாமாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. அழவில்லை. அழுகிற ஜாதி இல்லை நான். ஆனால் அன்று கலக்கிய பச்சை கொஞ்சம் முரட்டுப் பச்சையாகத்தான் போனது.

அந்தச் சமயத்தில்தான் தொடர்கதை கடைசிக்கு வந்தது. கதை இதுதான். ஒருத்தன் முதல் வாரத்திலேயே மனைவியிடம், "கொஞ்சம் வெளியே போய்விட்டு வருகிறேன், வீட்டைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போகிறான். வரவே இல்லை. அவள் தனியாளாக வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள், மகளை வளர்க்கிறாள், கடனை அடைக்கிறாள், மகளைக் கட்டிக்கொடுக்கிறாள். வருஷங்கள் போகின்றன. கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் கதவு தட்டப்படுகிறது. சாவித்துவாரம் வழியாகப் பார்க்கிறாள். அவன்தான். அங்கே நிறுத்திவிட்டார்கள். கீழே கட்டம் போட்டு ஓர் அறிவிப்பு: இதன் முடிவை வாசகர்களே எழுத வேண்டும். தேர்வாகும் முடிவு ஒரு மாதம் கழித்துக் கடைசி அத்தியாயமாக வெளிவரும். எழுதியவருக்கு, அவர் பெயரிலேயே, ஓராண்டுச் சந்தா பரிசு.

அவர் பெயரிலேயே. அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

அன்று சாப்பிடும்போது வீட்டில் ஒரே விவாதம்.

"திறக்காம என்ன பண்ணுவா? கட்டின புருஷன் வாசல்ல நிக்கறான்" என்றார் அத்தை.

"அது அவனே இல்லம்மா" என்றான் கொழுந்தன். "அவனை மாதிரியே இருக்கற இன்னொருத்தன். ரெட்டைப் பிறவின்னு முடிப்பாங்க பாரு."

"இத்தனை வருஷம் வெளியில சாப்பிட்டவன்" என்றார் மாமா. "குடல் என்ன கதியில இருக்கோ. முதல்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டணும்."

என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "கதவுல என்ன பூட்டுன்னு எழுதவே இல்லையே? தாழ்ப்பாளா, உள்பூட்டா? உள்பூட்டுன்னா உள்ளேருந்தும் பூட்டலாம், வெளியேருந்தும் பூட்டலாம். அது தெரியாம எப்படி முடிவு சொல்றது?"

எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் எனக்குச் செய்த பேருதவி அந்த ஒரு கேள்விதான். உள்ளேயிருந்தும் பூட்டலாம், வெளியேயிருந்தும் பூட்டலாம். சாவி ஒன்றுதான், ஆள் நிற்கும் பக்கம்தான் மாறுகிறது. குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். முடிவு எனக்குத் தெரிந்துவிட்டது. என்னை மட்டும் யாரும் என்ன நினைக்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்காததும் நல்லதாகப் போயிற்று.

மறுநாள் மத்தியானம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில் எழுதினேன். பழைய கலர் அட்டைகளின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், அதில் எழுதி அடித்து, எழுதி அடித்து, பிறகு நல்ல தாளில் ஒழுங்காகப் பிரதி எடுத்தேன். "என்னம்மா, ஸ்டாக் பார்க்கறியா?" என்றார் மாமா. "ஆமா மாமா" என்றேன். தபால் பெட்டியில் உறையைப் போட்ட பிறகு, பெட்டியின் வாய்க்குள் கையை விட்டு விழுந்துவிட்டதா என்று பார்த்தேன். பின்னால் நின்றவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்து வந்த நாட்களில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எவ்வளவு பேர் எழுதியிருப்பார்கள்! படித்தவர்கள், எழுதிப் பழகியவர்கள், தட்டச்சில் அடித்து அனுப்புகிறவர்கள். பெயின்ட் கலக்குகிறவளுடையது எந்த மூலையில் கிடக்கிறதோ. ஒரு நேரம், நமக்கு எதற்கு இந்த வேலை என்று தோன்றும். அடுத்த நேரம், என்னுடையதை விட்டுவிட்டு வேறு எதைப் போடுவார்கள், அவர்களுக்கென்ன கண் தெரியாதா என்று கோபம் வரும். கோபம் வந்தால் எனக்குத் தெம்பாக இருக்கும், அதனால் பெரும்பாலும் கோபத்திலேயே இருந்தேன்.

முடிவு வெளிவர வேண்டிய புதன்கிழமையும் வந்தது. நான் கடை திறக்கக் கீழே இறங்கியிருந்தேன். மேலே வழக்கம்போல் பின்னைக் கழற்றிப் பங்கு போட்டாகிவிட்டது. என் கொழுந்தன் அவன் தாளை எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சிமெண்ட் மூட்டைகளோடு வண்டியில் கிளம்பிப்போனான். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. கேட்டு, வேறு யாரோ எழுதியது வந்திருந்தால்? தெரியாமல் இருக்கும்வரைக்கும் ஜெயித்த மாதிரிதானே.

ஒரு பெரியவர் சுவருக்குக் கலர் கேட்டு வந்திருந்தார். "சந்தனமாவும் இருக்கக் கூடாது, மஞ்சளாவும் இருக்கக் கூடாதும்மா" என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். நான் ஒரு சொட்டு மஞ்சள் விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தபோது, மாடிப்படியில் திடுதிடுவென்று சத்தம். அத்தை. மூக்குக் கண்ணாடி நெற்றியில், கையில் நடுத்தாள்.

"சின்னவன் எங்க?"

"லோடு இறக்கப் போயிருக்கார் அத்தை."

"பாவிப்பய! அடுத்த தாளைப் பையில வச்சுக்கிட்டுப் போயிட்டான். இங்க எனக்கு உயிர் போகுது!" அத்தை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "யாரோ ஒரு வாசகி முடிச்சிருக்காளாம். என்னமா எழுதியிருக்கா தெரியுமா? எழுத்தாளரே தோத்தாரு போ. கேளு, கடைசி வரியைக் கேளு." கண்ணாடியை இறக்கிப் படித்தார். "'சாவியை ஒரு முறை திருப்பினாள். கதவு திறந்தது. அவன் சிரித்துக்கொண்டே உள்ளே காலெடுத்து வைத்தான். அவள்...' அவளாம்! அவள்னு போட்டுப் பக்கம் முடிஞ்சுபோச்சு! அவ என்ன பண்ணினா?"

குச்சியை டப்பாவிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன். அது என் வரி. சாவியை ஒரு முறை திருப்பினாள் என்பது நான் மூன்று கலர் அட்டைகளில் அடித்து அடித்து எழுதிய வரி. ஒரு எழுத்து மாறாமல் என் மாமியார் வாயிலிருந்து வருகிறது. சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது, கத்தவில்லை. குச்சியிலிருந்து மஞ்சள் என் கால் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவள் வெளியே வந்தாள் அத்தை" என்றேன்.

"என்னது?"

"அவன் உள்ளே போனான், அவள் வெளியே வந்தாள். மகள் வீட்டுக்குப் போக ஏற்கெனவே பெட்டி கட்டி வச்சிருந்தா. பெட்டியைக் கையில எடுத்துக்கிட்டா. கதவுல இருந்த சாவியை உருவி அவன் கையில கொடுத்தா."

கல்லாவில் மாமா எண்ணுவதை நிறுத்திவிட்டார். கலர் கேட்ட பெரியவர் என் பக்கம் திரும்பி, "கொடுத்துட்டு?" என்றார்.

"கொடுத்துட்டு, 'கொஞ்சம் வெளியே போய்விட்டு வருகிறேன், வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்றாள். படியிறங்கினாள். தெரு முனை வரைக்கும் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான். முற்றும்."

அத்தை தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "நல்லா வேணும் அவனுக்கு! வேணும், நல்லா வேணும்!" கதவைத் திறந்து உள்ளே விடத்தான் வேண்டும் என்று சாதித்த அதே அத்தை. சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. துடைத்துக்கொண்ட பிறகுதான் சந்தேகம் வந்தது. "ஏம்மா, தாளே உன் கைக்கு வரலியே. நீ எப்பப் படிச்சே?"

"படிக்கல அத்தை" என்றேன். "எழுதினேன்."

அத்தை என்னைப் பார்த்தார். நடுத்தாளைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். பிறகு மாமாவின் போனைப் பிடுங்கிக் கொழுந்தனைக் கூப்பிட்டார். "உடனே கிளம்பி வா. மூட்டையாவது மண்ணாவது, அப்படியே போட்டுட்டு வா. தாள் பத்திரம்!"

யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்தடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். என் வீட்டுக்காரரும் சத்தம் கேட்டுப் பின்கட்டிலிருந்து வந்துவிட்டார். வியர்வையில் நனைந்து, சிமெண்ட் தூசியோடு அந்தத் தாள் வெளியே வந்தது. அத்தை பிரித்துப் படித்தார், உதடு அசைய, ஒவ்வொரு வார்த்தையாக. ஆசிரியர் கை வைத்திருந்தால்? அவள் மனம் இளகித் திரும்பி வந்தாள் என்று மாற்றியிருந்தால்? அத்தையின் விரல் கடைசி வரிக்கு வந்தது.

"திரும்பிப் பார்க்கவில்லை" என்று உரக்கப் படித்தார். அதற்குக் கீழே விரல் நகர்ந்தது. அங்கே என் பெயர். என் அப்பா எனக்கு வைத்த பெயர், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல், தடித்த எழுத்தில். அதற்கு மேலேயே கொழுந்தன் பேனாவால் ஏதேதோ கிறுக்கி வைத்திருந்தான்.

"ஏன் தம்பி, இவ்வளவு பெரிசா என் பேரு போட்டிருக்கு. கண்ணுல படலியா?"

"ஏழு எழுத்துல ஒரு பறவை தேடிக்கிட்டிருந்தேன் அண்ணி" என்றான், தலையைச் சொறிந்துகொண்டு.

மாமா எழுந்து வந்து தாளைக் கையில் வாங்கினார். எந்த நோயும் இல்லாதவர் மாதிரி நிமிர்ந்து நின்றார். "நம்ம வீட்டுப் பேரு பத்திரிகையில வந்துடுச்சு!" என்றார்.

"என் பேரு, மாமா" என்றேன்.

மாமா அந்தப் பெயரை விரல் வைத்து ஒரு தரம் படித்தார். பிறகு, "ஆமாம்மா. உன் பேருதான்" என்றார். அதற்குள் என் வீட்டுக்காரர் பெயருக்குக் கீழே இருந்த சிறிய எழுத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஓராண்டுச் சந்தா, வாசகியின் பெயரில், அடுத்த இதழ் முதல். "ஒரே வீட்டுக்கு ரெண்டு" என்று மெல்லச் சொன்னார். "யாராவது கேட்டா சொல்லுங்க. சிரிக்கட்டும்" என்றேன். அவர்தான் சிரித்தார். இந்த முறை அது சுடவில்லை.

பெரியவர் தன் கலரை வாங்கிக்கொண்டு போனார். அது என்ன கலராக முடிந்தது என்று எனக்கு நினைவில்லை. அவர் பெருமையாகத்தான் தூக்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் கடையை அடைத்ததும் எல்லோரும் கூடத்தில் கூடினார்கள். யாரும் சொல்லாமலே அவரவர் தாளை எடுத்துவந்து என் மடியில் வைத்தார்கள். நான் பக்க எண் பார்த்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினேன். என் வீட்டுக்காரர் அட்டையைக் கொடுத்தார். முதல் முறையாக அந்த வாரப் பத்திரிகை என் கையில் முழுசாக இருந்தது. என்ன கனம்!

"நீயே படிச்சுக் காட்டு" என்றார் அத்தை, காலை நீட்டி வசதியாக உட்கார்ந்து. "நேரா நாற்பத்தொண்ணாம் பக்கத்துக்குப் போ."

"முடியாது அத்தை."

"ஏன்?"

"நான் ஒரு நாளும் எதையும் வரிசையா படிச்சதில்ல. இன்னிக்கு ஒண்ணாம் பக்கத்துலேருந்து. ஒரு பக்கம் விடமாட்டேன். கேக்கறவங்க உட்காருங்க."

கொழுந்தன் முனகினான். மாமா அவனை முறைத்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு அட்டையைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் பற்பசை விளம்பரம். அதை உரக்க, ஏற்ற இறக்கத்தோடு, நிறுத்தி நிதானமாகப் படித்தேன். பிறகு ஆசிரியர் பக்கம். பிறகு ஒரு மெத்தை விளம்பரம், கடைகளின் முகவரி உட்பட. நாற்பத்தொன்றாம் பக்கத்துக்கு இன்னும் வெகு தூரம் இருந்தது. யாரும் எழுந்து போகவில்லை.